நம் கம்பியில்லா வலைக் கழகத்துக்கு என்ன பெயர் வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தாமான் குடியிருப்புகளையும் தோட்டங்களையும் கூரைக்குக் கூரை ஆன்டெனா வைத்து இணைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். வேலை நடக்கிறது, பெயர்தான் இன்னும் அமையவில்லை. பெயரைப் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறோம். அதற்கு முன், வாட்ஸ்அப் குழுவிலும் கோயில் மண்டபத்திலும் பசார் மாலம் இரவுச் சந்தையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டமும் தொழில்நுட்பமும் உள்ளபடி உள்ளன. எந்தப் பெயர் நல்லது என்று சொல்லும் இடங்கள் என் கருத்து. கூட்டத்தில் தாராளமாக மறுத்துப் பேசுங்கள்.

வேலை நடந்தால் போதாதா? பெயருக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

நம் வலை நிற்பது பிறர் வீட்டுக் கூரைகளில். ஒரு வீட்டுக்குப் போய், "அம்மா, உங்க கூரையில ஒரு சின்னக் கம்பம் நட்டுக்கலாமா?" என்று கேட்டால், அவர் முதலில் கேட்பது "நீங்க யாரு?" என்றுதான். அதற்கு ஒரே மூச்சில் சொல்லும் பதில் நம்மிடம் இல்லை. "நாங்க வந்து, இந்த வைஃபை எல்லாம் போட்டு, தோட்டத்துக்கும்..." என்று இழுத்தால், ஏதோ கம்பெனிக்காரர்கள் விற்க வந்திருக்கிறார்கள் என்று கதவு பாதி மூடிவிடும். பக்கத்து வீட்டில் கேள்விப்பட்ட பெயரைச் சொன்னால் அதே கதவு திறக்கும்.

பணமும் ஒரு காரணம். நன்கொடை தர டூயிட்நவ் கியூஆரை வருடினால், திரையில் வங்கிக் கணக்கின் பெயர் வரும். கையில் இருக்கும் துண்டறிக்கையில் ஒரு பெயர், திரையில் வேறு பெயர் என்றால் எவரும் தயங்குவார்கள். தயங்க வேண்டும்தான். கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினாலும், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் மொட்டை மாடிக்கு அனுமதி கேட்டாலும் இதே கதைதான்.

ஒரு பெயர் போதுமா?

உண்மையில் மூன்று பெயர்கள் தேவைப்படுகின்றன. நம் விவாதம் நீண்டுகொண்டே போவதற்குக் காரணம், மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

முதலாவது, பதிவுப் பெயர். சங்கப் பதிவிலாகாவிலும் வங்கியிலும் ரசீதிலும் வருவது. நீளமாக இருந்தால் பரவாயில்லை, மலாயில் இருக்கும். இரண்டாவது, வாய்ப் பெயர். ஊரார் நம்மை அழைப்பது இதைச் சொல்லித்தான். மூன்றாவது, காற்றுப் பெயர். கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் தெரியும் பெயர். இதற்குத் தொழில்நுட்ப எல்லைகள் உண்டு, கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றும் ஒரே சொல்லாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றிலும் ஒரு பொதுச்சொல் இருந்தாக வேண்டும். அந்தச் சொல் நம் ஊராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"வைஃபை", "மெஷ்", "5ஜி" என்று வைத்தால் நவீனமாக இருக்குமே?

இன்றைக்கு இருக்கும். 2008 வாக்கில் இந்த நாட்டில் எங்கு பார்த்தாலும் வைமேக்ஸ் என்ற கம்பியில்லா இணையத்தைப் பற்றித்தான் பேச்சு. இன்று அந்தச் சொல்லைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். 3ஜி அலைவரிசைகள் 2021 கடைசியில் நாடு முழுக்க நிறுத்தப்பட்டன. அன்றைக்கு யாராவது "3ஜி கழகம்" என்று பெயர்ப் பலகை எழுதி வைத்திருந்தால் அதைக் கழற்றத்தான் வேண்டியிருந்திருக்கும். ஆன்டெனாவை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவோம். பெயரை அப்படி மாற்ற முடியாது.

"வைஃபை" பற்றித் தனியாக ஒன்று. அது பொதுச்சொல் போலப் புழங்கினாலும், வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பின் வணிகச் சின்னம். 1999-இல் இன்டர்பிராண்ட் என்ற நிறுவனத்தைக் கொண்டு உருவாக்கிய பெயர். பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கழகத்தின் பெயருக்குள் கொண்டுவந்து, அவர்களின் கருப்பு வெள்ளைச் சின்னத்தையும் பலகையில் வரைவது தேவையில்லாத வம்பு.

மற்ற நாடுகளில் எப்படிப் பெயர் வைத்தார்கள்?

ஜெர்மனியில் 2000-களின் தொடக்கத்தில் பெர்லினில் கிளம்பிய ஃபிரைஃபுங்க் இயக்கத்தின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குடும்பப் பெயர், அதோடு ஒவ்வோர் ஊரின் பெயர்: ஃபிரைஃபுங்க் பெர்லின், ஃபிரைஃபுங்க் ஹம்பர்க், ஃபிரைஃபுங்க் லைப்சிக். ஒவ்வோர் ஊர்க் குழுவும் தன் காலில் நிற்கிறது, ஆனாலும் எல்லாரும் ஓர் இனம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. நாளைக்கு பீடோரிலோ கம்பாரிலோ நம்மைப் போல ஒரு குழு கிளம்பினால், அவர்களும் சேர்ந்துகொள்ளும்படி நம் பெயர் இடம் விட வேண்டும்.

ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் 2004-இல் தொடங்கிய குய்ஃபி.நெட், பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத கிராமப்புறத்தில் பிறந்து, இன்று 30,000-க்கும் மேற்பட்ட இணைப்பு முனைகளோடு நிற்கிறது. அவர்களின் பெயரும் இணைய முகவரியும் ஒன்றே. ஒன்றைத் தெரிந்தால் மற்றதைத் தேட வேண்டியதில்லை. நியூயார்க்கில் ரெட் ஹூக் என்ற கடலோரப் பகுதியின் வலை, அந்தப் பகுதியின் பெயரையே தாங்கியிருந்தது. 2012-இல் சாண்டிப் புயல் அடித்தபோது அங்கே மக்கள் நம்பிப் பயன்படுத்தியது அந்த வலையைத்தான்.

நம் நாட்டிலேயே சரவாக் கெலாபிட் மேட்டுநிலத்தில், யூனிமாஸ் பல்கலைக்கழகம் 1990-களின் கடைசியில் கிராம மக்களோடு சேர்ந்து தொடங்கிய திட்டம் இ-பாரியோ. முன்னால் இருக்கும் "இ" அந்தக் காலத்துப் பாணி. பாரியோ என்ற ஊர்ப் பெயர்தான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

ஊர்ப் பெயரும் மாறுமே? தெலுக் ஆன்சன் என்ன ஆனது?

நியாயமான கேள்வி. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் சுவெட்டன்ஹம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அப்படியும் சிலாங்கூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால், "நான் பத்தாங் பெர்ஜுந்தை ஆளு" என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். பலகை மாறிய பிறகும் ஊர்ப் பெயர் மக்கள் வாயில் நெடுங்காலம் தங்கும். தொழில்நுட்பப் பெயருக்கு அந்த ஆயுள் கிடையாது.

நம் ஊர்ப் பெயரில் இன்னொரு கவனம் வேண்டும். பேராக்கில் சுங்கை சிப்புட் என்ற பெயரில் தெற்கே இன்னோர் இடமும் இருப்பதால்தான் அரசாங்கக் கடிதங்களில் நம் ஊரை "உத்தாரா" (வடக்கு) சேர்த்து எழுதுகிறார்கள். பதிவுப் பெயரில் அதை விடக்கூடாது. வாய்ப் பெயரில் தேவையில்லை.

துன் சம்பந்தன் பெயரை வைக்கலாமே? அவர் தந்தித் தொடர்பு அமைச்சராகவும் இருந்தவர் அல்லவா?

இந்த யோசனையை முன்வைத்தவர்கள் மூத்தவர்கள். அவர்களின் உணர்வை மதிக்கிறேன். துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் இதே ஊரில் பிறந்தவர். நாட்டின் பொதுப்பணி, தபால், தந்தித் தொடர்பு அமைச்சராக இருந்தவர். பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடலில் வீடும் வேலையும் போய் நம்மவர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்க வழி செய்தவர். சாதாரண மக்கள் கூடிச் சொந்தமாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவர் அவர். நாம் செய்ய நினைப்பதும் அதே வகை வேலைதான்.

அப்படியும் பெயரில் வேண்டாம் என்கிறேன். இரண்டு காரணம். அவர் 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) தேசியத் தலைவர். அவர் பெயரைத் தாங்கினால் நாம் ஒரு கட்சியின் கிளை என்று சிலர் நினைப்பார்கள், வேறு கட்சிக்காரர் வீட்டுக் கூரை நமக்குக் கிடைக்காது. ஒரே ஒரு கூரை மறுக்கப்பட்டாலும் அதற்கு அப்பால் இருக்கும் தோட்டத்துக்குச் சமிக்ஞை போகாமல் போகலாம். இரண்டாவது, ஏற்கெனவே பள்ளியும் சாலைகளும் அவர் பெயரில் இருக்கின்றன. "சம்பந்தன்ல என்ன பிரச்சினை?" என்று ஒருவர் கேட்டால் பள்ளியா, சாலையா, நம் வலையா என்று தெரியாது.

அவரை நினைவுகூர வேறு வழி உண்டு. கழகம் தொடங்கும் நாளில் அவர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய கதையை இளையவர்களுக்குச் சொல்லலாம்.

தமிழ்ப் பெயரா, மலாய்ப் பெயரா?

இதில்தான் குரல்கள் உயர்ந்தன. பெயர் தமிழாக வேண்டும் என்பவர்களின் ஆதங்கம் எனக்கும் உண்டு. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகு நம் வாழ்வில் தமிழ்ப் பலகைகள் குறைந்துகொண்டே வருகின்றன. புதிதாக ஒன்றைக் கட்டும்போது அதற்காவது தமிழ்ப் பெயர் வைப்போம் என்பது நியாயம். கணினித் துறையில் மலேசியத் தமிழர்கள் இதைச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு, பிறகு வந்த செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இரண்டும் சுருக்கமான தமிழ்ப் பெயர்கள். தமிழ் தெரியாதவரும் சொல்லிவிடலாம்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நம் வலையில் இருப்பவர்கள் நாம் மட்டும் இல்லை. டவுனில் சீனர் கடைகள் இருக்கின்றன, மலாய்க்காரர் கம்போங்குகள் இருக்கின்றன, மேலே மலைப்பக்கம் தெமியார் பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. தோட்டங்களில் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நிறைய. ஊருக்குக் கூப்பிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவர்களுக்குத்தான் இணைப்பு அதிகம் தேவை. ஆகவே தமிழ்ப் பெயர் வைப்போம், எல்லார் வாயிலும் நுழையும் தமிழ்ப் பெயராக வைப்போம். ழகரம் உள்ள சொற்களை நானே வருத்தத்தோடு ஒதுக்குகிறேன். "இழை", "நிழல்" எல்லாம் அழகான முன்மொழிவுகள். ஆனால் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதினால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், தேடினால் கிடைக்காது.

வந்த யோசனைகளில் என் மனம் "சிப்புட் வலை" என்பதில் நிற்கிறது. முதல் சொல் எல்லாருக்கும் சொந்தம், இரண்டாவது தமிழ். "சிப்புட் அலை"யும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டால் வானொலி நிலையம் என்று நினைக்கிறார்கள்.

பெயரைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. லைன் சரியில்லாத கைப்பேசியில், பழக்கமில்லாத ஒருவரிடம் பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு ரூமியில் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் பெயர் தேறிவிட்டது.

"தமிழர்", "இந்தியர்", "இளைஞர்" என்ற சொற்களைச் சேர்க்கலாமா?

முதல் இரண்டுக்கும் மேலே சொன்ன பதில்தான்.

"இளைஞர்" வேறு கதை. மலாயில் "பெலியா" என்று பதிவு செய்யப் போனால் சங்கப் பதிவிலாகாவை விட்டு இளைஞர் அமைப்புகளின் பதிவகத்துக்குப் போக வேண்டும். அதற்கு 2007-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. 2019-இல் செய்த திருத்தம் இளைஞர் வயது வரம்பை 30 ஆகக் குறைக்கிறது. நம்மில் ஏணி ஏறுபவர்கள் இளைஞர்கள். மின்சாரம் தெரிந்தவர்கள், கூரைத் தகரம் தெரிந்தவர்கள், எந்த மேட்டிலிருந்து எந்த லயம் தெரியும் என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களை வெளியே நிறுத்தும் பெயர் நமக்கு வேண்டாம்.

சங்கப் பதிவிலாகா பெயரைப் பற்றி என்ன சொல்கிறது?

1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது சங்கம். பதிவு செய்தாக வேண்டும். பெயர் ஏற்கெனவே உள்ள ஒரு சங்கத்தின் பெயராகவோ, குழப்பும் அளவுக்கு அதை ஒத்ததாகவோ, நம் உண்மையான நோக்கத்தைப் பற்றி மக்களை ஏமாற்றுவதாகவோ இருந்தால் மறுக்கலாம். ஏற்கெனவே உள்ள டெலிகாம் நிறுவனத்தையோ பெர்காசா அமைப்பையோ நினைவூட்டும் ஒலிகள், அமைச்சு அல்லது ஆணையம் என்று நினைக்க வைக்கும் சொற்கள் எல்லாம் இதனால்தான் வேண்டாம். தேசியச் சின்னங்களையும் சில பெயர்களையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்க 1963-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமும் இருக்கிறது. ஆகவே முதல் பெயர் மறுக்கப்பட்டால் அடுத்தது என்று கையில் இரண்டு மாற்றுப் பெயர்களோடு போவோம்.

பதிவிலாகா தரும் மாதிரிச் சட்டவிதியில் கொடி, சின்னம், வில்லை பற்றி ஒரு பிரிவு உண்டு. சின்னம் வைத்தால் அதன் பொருளை அங்கே எழுத வேண்டும். அதனால் பெயரையும் சின்னத்தையும் ஒரே கூட்டத்தில் முடித்துவிடுவது நல்லது.

வைஃபை பட்டியலில் பெயர் தமிழில் வருமா?

வரும். ஆனால் இடம் குறைவு.

காற்றில் பரப்பும் பெயருக்குத் தொழில்நுட்பத் தரம் ஒதுக்கியிருப்பது 32 பைட். ரூமி எழுத்தோ எண்ணோ ஒவ்வொன்றும் 1 பைட் எடுக்கும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியீடு, உயிர்மெய்யின் கால், கொம்பு, சுழியும் தனிக் குறியீடு. "க" என்றால் 3 பைட், "கு" என்றாலும் "க்" என்றாலும் 6 பைட். மொத்தத்தில் பத்துக் குறியீடுகளுக்கு மேல் போக முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். "சுங்கை சிப்புட்" என்று முழுதாக எழுதினால் 14 குறியீடும் நடுவில் ஓர் இடைவெளியும் சேர்ந்து 43 பைட். ரௌட்டர் ஏற்காது. "சிப்புட்" மட்டும் 24 பைட், உள்ளே அடங்கும். அதோடு ஓர் இடைவெளி விட்டு நம் அஞ்சல் குறியீட்டைச் சேர்த்தால் "சிப்புட் 31100", 30 பைட். இதுவும் அடங்குகிறது. டவுன், தாமான், தோட்டம் என்று பிரிக்காமல் வட்டாரம் முழுவதையும் அந்த எண் காட்டுகிறது. எண்ணை எல்லா இனத்தாரும் படிப்பார்கள்.

ஒரு மறைவான சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஏணி ஏறி இறங்கும் தம்பிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒகர, ஓகார உயிர்மெய்களைக் கணினியில் இரண்டு விதமாகப் பதியலாம். "டோ" என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைட் வேறு. ஒரு கூரையில் ஒரு விதமும் அடுத்த கூரையில் இன்னொரு விதமும் இருந்தால் கைப்பேசி அவற்றை இரண்டு வெவ்வேறு வலைகளாகப் பார்க்கும். நடந்து போகும்போது இணைப்பு மாறாமல் அறுந்துவிடும், காரணமும் புரியாது. ஆகவே தமிழ்ப் பெயர் வைத்தால் எந்த ரௌட்டரிலும் கையால் தட்டச்சு செய்யக் கூடாது. ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

சில பழைய ரௌட்டர்களின் அமைப்புப் பக்கம் தமிழ் எழுத்தையே ஏற்காது. நமக்கு நன்கொடையாக வருபவை பெரும்பாலும் பழையவைதாம். அதனால் என் பரிந்துரை இது: எல்லா இடத்துக்கும் பொதுவான பெயர் ரூமியில் இருக்கட்டும். தமிழ்ப் பள்ளி, கோயில் மண்டபம், நூலகம் போன்ற இடங்களில் நல்ல கருவி வைத்துத் தமிழ்ப் பெயரையும் கூடவே பரப்புவோம். ஒரே ரௌட்டரில் இரண்டு பெயர் பரப்பலாம். அதிகமாகச் சேர்த்தால் அலையில் நெரிசல், இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாக் கூரையிலும் ஒரே காற்றுப் பெயர் வேண்டுமா?

மக்கள் பயன்படுத்தும் பெயர், ஆம். பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றும் ஒன்றாக இருந்தால் கைப்பேசி தானாகவே அடுத்த கூரைக்குத் தாவும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடும் முக்கியம். ரூமியில் முதல் எழுத்து ஓரிடத்தில் பெரிதாகவும் இன்னோரிடத்தில் சிறிதாகவும் இருந்தால் அவை இரண்டு வலைகள். கூரைக்கும் கூரைக்கும் இடையே பேசும் முதுகெலும்பு இணைப்புகளுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும், பொதுமக்கள் அதில் தொற்றிக்கொள்ளக் கூடாது.

பெயர் பாதுகாப்பையும் தொடுகிறது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் கடவுச்சொல்லோடு வலையின் பெயரும் சேர்ந்து 4096 சுற்றுக் கணக்கில் கலந்துதான் சாவி உருவாகிறது. உலகம் முழுக்கப் புழங்கும் பெயர்களுக்கு, அதாவது ரௌட்டர் பெட்டியோடு வரும் பெயர்களுக்கெல்லாம், திருடர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நமக்கே உரிய பெயராக இருந்தால் அந்தப் பட்டியல்கள் பயன்படாது. அதற்காகக் கடவுச்சொல்லைச் சாதாரணமாக வைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு கூரைக்கும், கம்பத்துக்கும் என்ன பெயர்?

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது.

முனைகளை 1, 2, 3 என்று எண்ணலாம் என்றார்கள். வீட்டுக்காரர் பெயரை வைக்கலாம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்காரர் பெயரும் வீட்டு எண்ணும் கண்டிப்பாக வேண்டாம். யார் வீட்டில் கருவி இருக்கிறது, யார் எப்போது வீட்டில் இல்லை என்றெல்லாம் ஊருக்குச் சொல்லக் கூடாது. எண்ணும் வேண்டாம். "பதினேழு படுத்துவிட்டது" என்று செய்தி வந்தால் ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

தோட்டங்களின் பெயர்களை வைப்போம். எல்பில், டோவன்பி, ஹீவுட். ஒரு தோட்டத்தில் பல கம்பம் இருந்தால் டிவிஷன், பழைய ஸ்டோர், கோயில் மேடு, ஆலை, பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயக்கொட்டகை என்று பிரித்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரத் துரைமார் வைத்த பெயர்கள் ஒரு பக்கம், அதே இடங்களுக்கு நம் தாத்தா பாட்டிகள் கங்காணியின் பெயரையோ ஆற்றையோ மரத்தையோ கொண்டு வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகை எந்த வரைபடத்திலும் இல்லை. ரப்பர்ப் பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போன இடத்தில் தாமான் வந்தது. தாமான்களுக்குப் பூவின் பெயரும் வீடு கட்டிய கம்பெனியின் பெயரும் வந்தன. காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களம் இருந்த இடம் எது என்று சொல்ல இன்னும் சிலர்தான் மிச்சம்.

நம் வலையின் வரைபடத்தில் அந்தப் பெயர்கள் ஏறட்டும். இதற்காக ஒவ்வொரு தோட்டத்திலும் மூத்தவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், கேட்டு எழுதும் வேலையைத் தொடங்குவோம். பால் வெட்டப் போன பாதையெல்லாம் அவர்களுக்குக் காலடி காலடியாகத் தெரியும். கருவியின் உட்பெயரில் ரூமி எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டும்தான் வைக்க முடியும், ஒரு பகுதிக்கு 63 எழுத்துக்குள். வரைபடத்தில் தமிழிலேயே முழுப் பெயர் எழுதலாம். இந்த வேலைக்கு வர விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள். தொழில்நுட்பம் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

எல்பில் என்றாலே 1948-தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயர் வேண்டுமா?

1948 ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலப் பிரகடனம் அதைத் தொடர்ந்து வந்தது, 1960 வரை நீடித்தது. பாடப்புத்தகத்தில் எல்பில் என்ற பெயர் அந்த ஒரு நாளுக்காக இருக்கிறது. அங்கே பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வீடு. தமிழ்ப்பள்ளியும் அந்தப் பெயரைத் தாங்குகிறது. அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். மற்றவர்கள் முடிவு செய்யும் விஷயம் இல்லை இது.

"இலவச இணையம்" என்று பெயரிலேயே போட்டால் ஆள் சேருமே?

சேரும், பிறகு சண்டையும் சேரும். வெளி இணையத்துக்கு யாரோ மாதா மாதம் பணம் கட்டுகிறார்கள். நம் உள்வலையில் பள்ளிப் பாடக் குறிப்புகள், கோயில் அறிவிப்புகள், தோட்டத்துக்குத் தோட்டம் பேசும் வசதி எல்லாம் இருக்கும், அவற்றுக்குக் கட்டணம் இல்லை. வெளி இணையம் அப்படி இல்லை. கொடுக்க முடியாத வாக்குறுதியைப் பெயரில் எழுதக் கூடாது. "இலவசம்" என்று தொடங்கும் வலைப் பெயர்களைத்தான் ஏமாற்றுக்காரர்களும் போலியாக வைக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

அரசியல் முழக்கங்களுக்கும் இதே பதில். "1மலேசியா" சேர்ந்த இணைய மையங்களும் கம்பியில்லாக் கிராமத் திட்டங்களும் நாடு முழுக்க இருந்தன. 2018-இல் ஆட்சி மாறியது, அந்தச் சொல் பலகைகளிலிருந்து இறங்கியது. இணைய மையங்கள் பிறகு பெடி ஆகி இப்போது நாடி ஆகிவிட்டன. உள்ளே வேலை செய்பவர்களும் வரும் மக்களும் அதே ஆட்கள்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சின்னம்?

ஒரே நிறத்தில், ரப்பர் முத்திரை அளவில் தெளிவாக விழ வேண்டும். கட்சி நிறங்களும் தெய்வ உருவங்களும் வேண்டாம். இவ்வளவுதான் விதி.

ஊர்ப் பெயரில் வரும் சிப்புட் மலாயில் நத்தையைக் குறிப்பதால் நத்தை வரையலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மெதுவான இணையம் என்று கேலி செய்வார்களே என்று பெரியவர்கள் பயந்தார்கள். நத்தை ஓடு மட்டும் வரையலாம். உள்ளிருந்து வெளியே விரியும் அந்தச் சுருள், ஆன்டெனாவிலிருந்து அலை பரவுவது போலவே இருக்கிறது. பிள்ளைகள் வரைந்ததில் ஒன்றை எடுத்துக்கொள்வோம், சின்னம் செய்யக் காசு கொடுக்க வேண்டாம்.

இணைய முகவரி தமிழில் கிடைக்குமா?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்தில் நாட்டு முகவரி உண்டு. மலேசியாவுக்கு ஜாவியில் இருக்கிறது, தமிழில் இல்லை. இங்கே முகவரிகளை நிர்வகிப்பது மைநிக் என்ற நிறுவனம். அமைப்புகளுக்கான முகவரிக்குப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். எந்த முகவரி எடுத்தாலும் கழகத்தின் பெயரில், கழகத்தின் மின்னஞ்சலில் எடுக்க வேண்டும். ஒருவரின் சொந்தக் கணக்கில் எடுத்தால் அவர் வேலை மாற்றலாகிப் போகும் அன்று நம் பெயரும் கூடவே போகும்.

பெயர் கிடைத்தவுடன் எங்கும் அலை பரப்பலாமா?

பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வைஃபை அலைவரிசைகளைத் தனி உரிமம் எடுக்காமல் பயன்படுத்த மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பொது ஒதுக்கீடு இருக்கிறது. சக்தி வரம்பும் சான்றிதழ் பெற்ற கருவியும் கட்டாயம். வீட்டு இணைய இணைப்பை வெளியாருக்குப் பகிர்வது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. கழகம் சேவை வழங்கும் நிலைக்கு வந்தால் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் என்ன உரிமம் தேவை என்று ஆணையத்திடம் எழுதிக் கேட்போம். அந்தக் கடிதத்தில் போடவும் ஒரு பெயர் வேண்டும்.

பிறகு பெயரை மாற்ற முடியுமா?

முடியும், விலை அதிகம். பதிவுப் பெயரை மாற்றப் பொதுக்கூட்டத் தீர்மானமும் பதிவிலாகாவின் ஒப்புதலும் வேண்டும், பின்னாலேயே வங்கிக் கணக்கு. காற்றுப் பெயரை மாற்றினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கைப்பேசியும் மறுபடி இணைய வேண்டும். பாட்டிமார் வீடுகளுக்கு நாம்தான் போய்ச் செய்துகொடுக்க வேண்டும். வாய்ப் பெயரை நாம் மாற்றவே முடியாது, ஊர்தான் மாற்றும்.

பொதுக்கூட்டத்தில் எப்படி முடிவு செய்வோம்?

முன்மொழிவுகளை எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரே தாளில் தமிழிலும் ரூமியிலும் தருவோம். தலைவர் பிள்ளை சொன்ன பெயர் என்று தெரிந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் பிடித்த மூன்றை வரிசைப்படுத்த வேண்டும். முதலில் வந்த இரண்டை ஒரு மாதம் வெளியே உலவ விடுவோம். கடையில், பள்ளியில், தோட்டத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். "இரண்டும் வேண்டாம்" என்ற கட்டமும் வாக்குச் சீட்டில் இருக்கும்.

உறுப்பினர் அல்லாதவர்களும் பிள்ளைகளும் பெயர் சொல்லலாமா?

சொல்லலாம். கூரை தந்த வீட்டார் அனைவருக்கும் வாக்கும் உண்டு, சந்தா கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும். எழுத வராதவர்கள் செயலவையினரிடம் வாயால் சொன்னால் போதும், அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.